மோட்டாருக்கு விட்ட லீவு

பெங்களூர் ஹெப்பகோடியில் நாங்கள் குடியிருந்த ஃப்ளாட்டின் கூடத்தில் ஒரு கடல் இருந்தது. நீளம் மூன்றடி. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா வாங்கிவைத்தது. உப்புத் தண்ணீர், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், ஓயாமல் மேல் தண்ணீரைக் கலக்கும் ஒரு மோட்டார். "மேல தண்ணி கலங்கினாத்தான்டா உள்ள காத்து போகும்" என்று சித்தப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். வாய்ப்பாட்டைக் கேட்கும் அதே கவனத்தோடு நானும் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அந்தத் தொட்டியே ஆகாது. தரையெல்லாம் உப்புப் பூக்கிறது என்று தினமும் ஒரு புலம்பல்.

நான் நாலாவது படித்த வருஷம். ஆயுத பூஜைக்குப் புத்தகங்களைச் சாமிக்கு முன்னால் அடுக்கியாயிற்று, தொடக்கூடாது. மிக்சிக்கும் பொட்டு வைத்து, "இன்னிக்கு இதுக்கெல்லாம் ஓய்வு" என்றாள் அம்மா. படிப்பிலிருந்து தப்பித்த எனக்குப் பக்தி முற்றிவிட்டது. மோட்டாரின் சுவிட்சை அணைத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். ஃபேனுக்கு மட்டும் லீவு தரவில்லை, எனக்கு வியர்க்குமே.

தண்ணீர் கண்ணாடி மாதிரி அடங்கியது. மத்தியானத்துக்குள் இரண்டு மீன்களும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. பொரி கேட்கின்றன என்று நாலு பொரி போட்டேன். தின்னவில்லை. ஒன்று சாய்ந்து மிதக்க ஆரம்பித்ததும்தான் அம்மாவிடம் ஓடினேன்.

"மோட்டாருக்கு லீவு விட்டேன்ம்மா."

அம்மா ஓடிவந்து சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. அப்பாவும் வீட்டில் இல்லை. ஆபீஸ் பூஜைக்குப் போயிருந்த சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

"உப்பு அடைச்சிருக்கும் அண்ணி. கெளம்பிட்டேன். அதுவரைக்கும் தண்ணிய மொண்டு ஒசரத்துலேர்ந்து ஊத்துங்க. நல்லா நுரைக்கணும்!"

அம்மா சொம்பை எடுத்தாள். காப்பி ஆற்றிப் பழகிய கை. மொண்டாள், தூக்கினாள், ஊற்றினாள். பட்டுப்புடவை முழங்கால்வரை நனைந்தது. நான் சித்தப்பாவின் கேப் வருகிறதா என்று பால்கனிக்கு ஓடினேன், திரும்பிவந்து "செத்துடுச்சாம்மா?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கினேன், மறுபடியும் பால்கனிக்கு ஓடினேன்.

சித்தப்பா செருப்போடே உள்ளே நுழைந்து, மோட்டாரைக் கழற்றி, கைக்கு அகப்பட்ட என் டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். அப்போதுதான் அம்மா, சாய்ந்து கிடந்த மீனிடம் குனிந்தாள்.

"சுமதி, மூச்ச விடுடி. நேத்துகூட எவ்ளோ பேசினோம். இன்னும் கொஞ்ச நேரம்டி."

சித்தப்பாவின் பிரஷ் நின்றது. அந்த மீன்களுக்கு யாரும் பெயர் வைத்ததாக எங்களுக்குத் தெரியாது.

மோட்டார் சுற்றியது. தண்ணீர் குலுங்கத் தொடங்கியது. ரொம்ப நேரம் கழித்து சுமதி நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் கீழே நீந்திப் போனாள்.

"சனியன், புடவையே போச்சு" என்றபடி அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மீனுக்குப் பேர் சுமதியாம் என்று மறுநாள் அபார்ட்மெண்ட் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் காலையில் கிளம்பிப் போன பிறகு, பகலெல்லாம் அந்த வீட்டில் அம்மா யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.