சூரியன் போகாத ஊரில் சதுர்த்தி விரதம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: கண் கூசும் வெயிலில், நிலாவைத் தேடி ஒரு மலை ஏறியவன் நான். கல்லூரியில் இயற்பியல் படித்தவன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். என் மனைவி ஏற்கெனவே உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

எங்கள் கும்மிடிப்பூண்டியில் தலை நரைத்தவர்கள் வடக்கே போவதென்றால் காசிக்குப் போவார்கள். நான் இன்னும் கொஞ்சம் வடக்கே போகலாமே என்று நார்வேயின் தலைமாட்டுக்கே டிக்கெட் போட்டேன். கடலிலிருந்து நேராக எழும்பும் மலைகள். அவற்றின் நடுவே புகுந்து கிடக்கும் கடல். அதில் ஆளுக்கொரு துடுப்புப் படகு. பயிற்சிக்காகக் கவரைப்பேட்டை ஸ்டேஷன் மேம்பாலத்தில் புது பூட்ஸோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் தினமும், “இன்னா சார், இன்னிக்கும் டிரெய்ன உட்டுட்டியா?” என்று அக்கறையாகக் கேட்பார்.

மனைவிக்கு மலை பொருட்டல்ல. படகுதான். கல்யாணமான புதிதிலிருந்து பழவேற்காடு ஏரியில் படகில் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்டவள் அவள். வெயில், காற்று, மூட்டுவலி என்று இத்தனை காலம் தட்டிக் கழித்தவன் நான். இந்த முறை தன் கையால் துடுப்புப் போட்டே தீருவது என்று கிளம்பியிருந்தாள்.

படகுக்கு முந்தின நாள் காலை, பையிலிருந்து தினசரி காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தவள், “இன்னிக்கு சங்கடஹர சதுர்த்திங்க” என்றாள். அவள் ஒரு மாதம்கூடத் தவறவிடாத பிள்ளையார் விரதம். பகலெல்லாம் பாலும் தண்ணீரும்தான். ராத்திரி நிலாவைப் பார்த்துக் கும்பிட்ட பிறகே சாப்பாடு.

எங்களைக் கூட்டிப் போகவிருந்த வழிகாட்டிப் பெண் பனைமர உயரம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு யாரையும் அந்தக் குளிர்க் கடலில் இறக்க மாட்டேன், இரவே நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் முடிவாகச் சொல்லிவிட்டாள். ஆக, நிலா வராவிட்டால் சோறில்லை. சோறில்லாவிட்டால் படகில்லை.

நிலா வருவதற்கு முதலில் சூரியன் போகவேண்டுமே. அது கோடைக்காலம். விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி சூரியன் போவதுபோல் வாசல்வரை போய், மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தது.

“இன்னாங்க இது, இது போவவே போவாதா?”

“இங்க இப்படித்தாம்மா. பூமி சாஞ்சிருக்கு.”

“பூமி சாஞ்சது இருக்கட்டும். நான் சாஞ்சிடுவேன் போலகீது.”

வழிகாட்டியிடம் நிலா எப்போது வரும் என்று கேட்டேன். “ஆகஸ்டில்” என்றாள். இந்தப் பருவத்தில் பௌர்ணமியை ஒட்டிய நிலா அங்கே தலைகாட்டுவதே அபூர்வமாம். மானம் போன சங்ககால மன்னர்கள் வடக்கிருந்து உயிர்விட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்கள் யாரும் இவ்வளவு வடக்கே வந்திருக்கமாட்டார்கள்.

“பின்னாடி மலை இருக்கே, மேல ஏறினா தெரியும்” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. கேட்டவுடன் அவள், விரதம் முடிக்கச் செய்துவைத்திருந்த எலுமிச்சைச் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் மூச்சிரைத்து நின்ற இடத்திலெல்லாம் திரும்பி, “விரதம் எனக்கா உனக்கா?” என்றாள். பசி ஏற ஏற அவளுடைய ‘ங்க’ குறையும்.

உச்சியில் எல்லாம் தெரிந்தது. கடல் தெரிந்தது, தீவு தெரிந்தது, எங்களைச் சந்தேகமாகப் பார்க்கும் ஆடுகள் தெரிந்தன. நிலா இல்லை. அவள் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். “உடுங்க, நீங்க மட்டும் படகுல போய்ட்டு வாங்க” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் எனக்கு அவள் தம்பியின் ஞாபகம் வந்தது. ஊரில் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்ட், விழித்திருப்பான். “நிலா ஒண்ணுதானேம்மா? எந்த ஊர்ல பார்த்தா என்ன?” என்றேன். யோசித்தாள். “பிள்ளையார் ஒத்துக்குவாரு” என்றாள்.

வீடியோ காலில் வந்தான் தம்பி. “நிலாவா? இரு அக்கா, வெளிய போய்க்கினே இருக்கேன்” என்றான். படம் ஆடியது, இருண்டது, பிறகு கம்பெனி மதிலுக்கு மேலே வெள்ளைவெளேரென்று ஒரு வட்டம். என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டு, கைகூப்பி, கண்மூடி நின்றாள். கடவுள் உண்டா என்று திண்டாடும் நானும் கும்பிட்டேன். பிறகு இருவரும் பாறைமேல் உட்கார்ந்து டப்பாவைக் காலி செய்தோம். அந்த ருசிக்கு அந்த மலை ஏறியது தகும் என்றே சொல்வேன்.

மறுநாள் அவள் பச்சைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வழிகாட்டிக்கு இணையாகப் போனாள். என் படகு தண்ணீரில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. “இன்னாங்க, ஏரியிலயே கத்துக்கினு வந்திருக்கலாம் இல்ல?” என்று தூரத்திலிருந்து குரல் வந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம்.

ஊருக்குத் திரும்பியதும் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டு, உன்னால்தான் உங்க அக்கா படகே விட்டாள் என்று மனதார நன்றி சொன்னேன். அவன் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

“அக்காவாண்ட சொல்லிடாதீங்க மாமா. அன்னிக்கு இங்க வானம் ஒரே மப்பு. நான் காட்னது கம்பெனி கேட்டு லைட்டு. நீங்க ரெண்டு பேரும் கும்புடறப்ப, பக்கத்துல நின்னு போன பாத்த வாச்மேன், தன்னத்தான் கும்புடறீங்கன்னு நெனச்சிக்கினு திருப்பிக் கும்புட்டாரு.”