அமெரிக்க ஜனாதிபதிகளும் ஒரு கப்பலும்

எங்கள் வீட்டில் அமெரிக்க ஜனாதிபதிகளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அடிமைகளை விடுவித்தவர் தாடிக்காரர். பெரிய யுத்தத்தை நடத்தியவர் சக்கரநாற்காலிக்காரர். காருக்குள் சுடப்பட்டவர் வடிவானவர். பிறகு நிலக்கடலை பயிரிட்டவர் கச்சான்காரர், சினிமாவில் இருந்து வந்தவர் நடிகர் என்று அது நீண்டுகொண்டே போகும். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் சரிவராது. அந்தப் பெயர்கள் வாயில் ஒழுங்காக நுழையாதது இன்னொரு காரணம். ஆனால் என் கணவரோ அவருடைய நண்பரோ அதைச் செத்தாலும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

நண்பரை நாங்கள் அண்ணை என்போம். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் துணித் தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் என் கணவரும் அவரும் ஒரே ஷிப்டில் வேலை செய்தார்கள். இடைவேளையில் டேனிஷ்காரர்கள் ஒரு மேசையில் உதைபந்தாட்டம் கதைப்பார்கள். இவர்கள் இருவரும் மற்ற மேசையில் பாணைக் கடித்துக்கொண்டு என்ன கதைப்பது என்று முழித்தார்களாம். ஊர் அரசியல் கதைக்கப் பயம். அந்த இயக்கம் சரி, இந்த இயக்கம் பிழை என்று தொடங்கி, கூடப்பிறந்தவர்களே கலியாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நாங்கள் டென்மார்க்கில் கண்டிருக்கிறோம். ஆகவே இரண்டு பேரும் தொலைவில் உள்ள ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் தலைவர்களைப் பற்றிக் கதைத்தால் நட்பு உடையும், அமெரிக்கத் தலைவர்களைப் பற்றிக் கதைத்தால் தேத்தண்ணி மட்டும்தான் ஆறிப்போகும் என்று அண்ணை சொல்வார்.

தொழிற்சாலை மூடிய பிறகும் கதை மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணை நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். நான் குசினியில் றோல்ஸ் பொரிப்பேன். கூடத்தில் பட்டிமன்றம் நடக்கும். என்னை நடுவராக வைத்திருந்தார்கள், சம்பளம் இல்லாத உத்தியோகம். சக்கரநாற்காலிக்காரர் பசித்தவனுக்குச் சோறு போட்டார் என்று இவர் சொன்னால், சொந்த நாட்டிலேயே யப்பானிய முகம் உள்ளவர்களை முகாமில் அடைத்தவரும் அவர்தானே என்று அண்ணை பாய்வார். கச்சான்காரர் பதவியை விட்ட பிறகு நல்ல வேலைகள் செய்தார் என்றால், "பதவி இல்லாட்டி ஆரும் நல்லவராய் இருக்கலாம்" என்பார். வடிவானவரைப் பற்றி அண்ணையின் தீர்மானம் இன்னும் கடுமையானது. "இளமையில செத்தபடியால்தான் பெரிய ஆள். செத்த ஆளை ஆர் குறை சொல்லுவினம்?" நான் குசினிக்குள் இருந்தே தீர்ப்புச் சொல்வேன். அதை இரண்டு பேரும் காதில் போடுவதில்லை.

ஒரு விதி மட்டும் இருந்தது. யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதுவும் அண்ணை மகா பிடிவாதக்காரர். புத்தகத்தைத் திறந்து காட்டினாலும் புத்தகம் பிழை என்பார். அத்தனை வருடத்தில் "நீ சொல்லுறது சரி தம்பி" என்று அந்த வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அந்த மல்லுக்கட்டில்தான் இவருடைய முகம் வெளிச்சமாக இருக்கும்.

ஒரேயொருவரைப் பற்றி மட்டும் இவர் கதைப்பதில்லை. முதலாவது கறுப்பின ஜனாதிபதி. இவர்கள் வைத்த பெயர் மெலிஞ்சவர். அவர் பக்கம் பேச்சுத் திரும்பினால் இவர் தேத்தண்ணி எடுக்கிற சாட்டில் குசினிக்கு வந்துவிடுவார். வந்து சும்மா நிற்பார். ஏன் என்று எனக்குத் தெரியும். அண்ணைக்குத் தெரியாது.

மெலிஞ்சவர் பதவிக்கு வந்த புதிதில்தான் வன்னியில் எங்கள் சனம் இலங்கை இராணுவத்தால் கடற்கரைக்குத் துரத்தப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தது. நாங்கள் யூலாந்திலிருந்து பஸ் பிடித்துக் கோபன்ஹேகனுக்குப் போய் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் நின்றோம். கறுப்பு மனிதர், அடிமைப்பட்ட சனத்தின் வலி தெரிந்தவர், பார்த்துக்கொண்டிருக்கமாட்டார் என்று நம்பினோம். அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு, அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினோம். அந்த ஒரு பெயரை மட்டும் எல்லாரும் திருத்தமாகச் சொன்னார்கள். அங்கேதான் கப்பல் கதை வந்தது. அமெரிக்கா கப்பல் அனுப்புகிறதாம், கரையில் நிற்கிற சனத்தை ஏற்றப் போகிறதாம். யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சுவிஸில் சொன்னார்கள், லண்டனில் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம்.

அந்த நாட்களில் ஒருநாள் இவருடைய தங்கச்சி அங்கிருந்து தொலைபேசி எடுத்தாள். பிள்ளைகளோடு கரையில் ஒரு பதுங்குகுழிக்குள் இருந்தாள். யாரோ ஒருவருடைய செய்மதித் தொலைபேசி, கொஞ்ச நேரம்தான் கதைக்கலாம். பக்கத்தில் நின்ற எனக்கும் அவளுடைய குரல் கேட்டது. "அண்ணா, கொஞ்சப் பேர் தண்ணிக்குள்ளால ஆமியின்ர பக்கம் போகினம். நாங்களும் போகவோ, நிக்கவோ?"

"போகாதை. சுட்டுப்போடுவாங்கள். கப்பல் வருது. கரையிலேயே நில்லுங்கோ" என்றார் இவர்.

"கப்பல் வருமோ அண்ணா?"

"கட்டாயம் வரும். அமெரிக்கா சொன்னா சொன்னதுதான்."

பிறகு அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. தண்ணிக்குள்ளால் போன ஒரு குடும்பம் பின்னர் முகாமுக்குள் இருந்து இவருக்குச் செய்தி அனுப்பியது. அவர்கள் கூப்பிட்டார்களாம், அவள் வரவில்லையாம். அண்ணா நிற்கச் சொன்னவர் என்றாளாம். இவர் அதை வாசித்துவிட்டு வேலைக்குப் போனார். அன்றிரவு என்னிடம் ஒரேயொரு தடவை சொன்னார்: "அவர் அனுப்பத்தான் இருந்தவர். கீழ இருக்கிறவங்கள் மறிச்சுப்போட்டாங்கள்." நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? அந்த மனிதர் கப்பல் அனுப்ப நினைத்திருந்தால், இவர் தங்கச்சிக்குச் சொன்னது உண்மை. நினைக்கவேயில்லை என்றால், இவர் சொன்னது என்ன? அதற்காகவே மெலிஞ்சவர் இவருக்கு நல்லவராக இருந்தாக வேண்டியிருந்தது.

இப்போதிருக்கிற ஜனாதிபதி டென்மார்க்கிடம் கிறீன்லாந்தைத் தா என்று கேட்கத் தொடங்கினாரோ இல்லையோ, இங்கே எல்லாருக்கும் அமெரிக்க வரலாறு தெரிந்துவிட்டது. சில்க்போர்க்கில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில், தன்னுடைய பிள்ளைகளின் பெயரை மறந்த கிழவர்கூட அந்த மனிதரைத் திட்ட மறப்பதில்லை. அண்ணைக்குக் கொண்டாட்டம். ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்ததும், "இனி ஆர் பெரிய ஆள் எண்டு கதைச்சுப் பிரயோசனமில்லை தம்பி. ஊதிப் பெருப்பிச்ச ஆள் ஆர் எண்டு பாப்பம்" என்றார். நான் வழக்கம்போல நடிகரைத்தான் இழுப்பார் என்று நினைத்தேன்.

"என்னைக் கேட்டா மெலிஞ்சவர்தான். பேச்சு எண்டா வலு திறம். சமாதானப் பரிசும் வாங்கினவர். எங்கட சனத்துக்கு என்ன செய்தவர்?"

"அவரை விடுங்கோ அண்ணை."

"ஏன் விட? உம்மட சொந்தக்காரரோ?"

இவர் இந்தமுறை குசினிக்கு வரவில்லை. "அவர் கப்பல் அனுப்ப இருந்தவர்" என்றார். அண்ணை சிரித்தார். வெறுப்பில்லாத சிரிப்புத்தான். பட்டிமன்றத்தில் எதிராளியின் கால் சறுக்கும்போது சிரிக்கிற சிரிப்பு. "எந்தக் கப்பல் தம்பி? அது எங்கட ஆக்கள் இஞ்ச இருந்துகொண்டு கட்டின கதை. ஒருத்தரும் ஒரு வள்ளமும் அனுப்ப இருக்கேல்லை."

இவர் எழும்பிப் பின்பக்கம் போய், துப்புரவாக இருந்த சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார். அந்தக் கிழமை முழுவதும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. வேலை முடிந்து வந்தால் கணினிக்கு முன்னால் குந்திக்கொண்டு அந்தக் கப்பலைத் தேடுவார். பழைய செய்திகள், யாரோ எழுதிய கட்டுரைகள், அகராதியை வைத்து ஆங்கிலம். எட்டிப் பார்த்தால் திரையை மூடுவார். அங்கே என்ன இருக்கும், என்ன இருக்காது என்று எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் நான் அண்ணையிடம் போனேன். சூப்பர்மார்க்கெட்டின் கார் தரிப்பிடத்தில் சாமான்களை ஏற்றிக்கொண்டு நின்றார். "அண்ணை, இந்த ஒருமுறை அவருக்கு விட்டுக்குடுங்கோ" என்றேன். மனிதர் பகிடி என்று நினைத்தார். நான் தங்கச்சியின் கதையைச் சொன்னேன். அண்ணை காரின் பின்கதவைப் பிடித்தபடி நின்றார், மூடவில்லை.

"இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னட்டையே ஒருக்காத்தான் அண்ணை கதைச்சவர்."

"நான் அவனுக்கு முன்னால சிரிச்சனானே, பிள்ளை" என்றார். கண்கள் கலங்கிவிட்டன. அந்த மனிதர் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு ஒரு பாரம் இறங்கினதுபோல இருந்தது. நல்லதொரு காரியம் செய்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு அண்ணை பூசைக்குப் போன உடுப்போடு வந்தார். வழக்கமாக வாசலிலேயே சத்தம் கேட்கும், அன்று கேட்கவில்லை. உட்கார்ந்தார், தேத்தண்ணியைக் கையில் எடுத்தார், கோப்பையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, போன கிழமை கதைச்சதை யோசிச்சுப் பாத்தன். நீ சொல்லுறதுதான் சரி. அவர் நல்ல மனுசன். கப்பலும் வரத்தான் இருந்திருக்கும்."

நான் றோல்ஸ் தட்டோடு குசினி வாசலில் நின்றேன். இவர் சந்தோசப்படுவார் என்று காத்திருந்தேன். பாவி, நான் அப்படித்தான் காத்திருந்தேன்.

இவர் அண்ணையை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்கள் ஒருநாளும் எனக்கு விட்டுத் தந்ததில்லையே அண்ணை" என்றார்.

அண்ணை கோப்பையை மேசையில் வைத்தார்.

"அப்ப தங்கச்சியின்ர கதை உங்களுக்கும் தெரியும். கப்பல் எண்டு ஒண்டு இருக்கேல்லை எண்டும் தெரியும்." குரல் உயரவேயில்லை. "போகவோ எண்டு கேட்டவள். தண்ணிக்குள்ளால போன சனம் இப்பவும் உயிரோட இருக்கு. நான்தான் நில் எண்டனான்."

நான் தட்டை வைத்துவிட்டுப் போய் அவருடைய கையைப் பிடித்தேன். கை பிடிக்க விட்டது, ஆனால் என் கையைப் பிடிக்கவில்லை. அண்ணை குனிந்தபடி "ஆண்டவரே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இத்தனை வருடம் இவர் தனியாக முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்த ஒன்றை, இரக்கம் என்று சொல்லி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து விழுத்திவிட்டோம்.

அண்ணை இப்போதும் வருகிறார். நான் இப்போதும் பொரிக்கிறேன். தொலைக்காட்சியில் கிறீன்லாந்துச் செய்தி போகும், இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவரை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று அண்ணை படாதபாடு படுகிறார். போன ஞாயிறு, இவருக்கு உயிரான தாடிக்காரரிலேயே கைவைத்தார். தாடிக்காரர் அடிமைகளுக்காக ஒன்றும் செய்யவில்லை, நாடு உடையாமல் இருப்பதற்காகத்தான் செய்தவர், உலகத்திலேயே ஊதிப் பெருப்பிச்ச ஆள் அவர்தான் என்று கையை மேசையில் அடித்துச் சொன்னார். முன்னைய காலமென்றால் வீட்டுக்கூரை பறந்திருக்கும். நான் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"ஓம் அண்ணை," என்றார் இவர், "இருக்கும்."