அடுத்த நம்பர் எங்கே போனது?

சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிப் பிழைப்பவர்களுக்கு உட்கார்ந்தால் கால் ஆடும், படுத்தால் தூக்கம் பிடிக்காது. காரணம், நாம் தப்பாக எழுதினால் அந்த மொழி கத்தாது, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

கோலாலம்பூர் பக்கம் சுங்கை வேயில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் கம்பெனி. நம்பர் சீட்டு கொடுத்து, சுவர்ப் பலகையில் நம்பரைக் காட்டி ஆளைக் கூப்பிடும் மெஷின் செய்கிறோம். பாஸ் சோங், மெஷினைக் கொண்டுபோய் மாட்டும் நசீர் அண்ணன், நிரல் எழுதும் நான், இவ்வளவுதான் ஆட்கள். எனக்கு முன்னால் எழுதியவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அவருடைய நிரல் என் தலையில் விழுந்தது. இப்படி அடுத்தவர் நாற்காலியில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. இருந்தாலும் யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும்.

கிள்ளானில் ஒரு காலைப்பொழுது

எங்கள் நிரலில் ஒரு சீட்டு என்றால் முதலில் நம்பர், அப்புறம் நேரம், அப்புறம் மற்றது. நினைவகத்திலும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கும். சிங்கப்பூர்க்காரர் அதை அப்படியே அள்ளிச் சுவர்ப் பலகைக்கு அனுப்பிவிடுவார். முதலில் வரும் நாலு பைட்டைப் பலகை நம்பர் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் நான் எல்லாச் சீட்டுக்கும் அச்சாக இருக்கும் கிளாஸில் வெர்ச்சுவல் ஃபங்க்‌ஷன் ஒன்றைச் சேர்த்தேன். அப்படிச் சேர்த்தால், நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் ஒவ்வொரு சீட்டின் தலையிலும் தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு நினைவக முகவரியை, அதாவது ஒரு பெரிய எண்ணை, செருகும். நம்பர் பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. பலகை பாவம், அந்த முகவரியையே நம்பராகக் காட்டியது.

கிள்ளானில் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் குணா அண்ணன் கூப்பிட்டார். ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். பலகையில் கோடிக்கணக்கில் ஒரு நம்பர் மின்னியது. டயர் மாற்ற வந்தவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குணா அண்ணன் கோபப்படவில்லை, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மலேசியாவுல உள்ள மோட்டார் எல்லாம் என் கடைக்கே வந்தாலும் இந்த நம்பர் வராது லா."

பெரியவரின் வயசு

அடுத்தது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக். கவுண்டரில் பத்மா அக்கா. டாக்டருக்கு முன்பே வந்து கதவைத் திறப்பவர், வருகிறவர்களின் பெயரோடு வீட்டு விசேஷமும் தெரிந்தவர். அங்கே முதியவர்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்றார்கள். சாதாரணச் சீட்டிலிருந்து முதியவர் சீட்டு என்று ஒரு வாரிசை உண்டாக்கினேன். பிள்ளைக்கு அப்பாவிடம் இருப்பதெல்லாம் உண்டு, கூடவே முன்னுரிமையும் உண்டு.

ஆனால் பழைய பட்டியலில் ஒவ்வொரு சீட்டுக்கும் அப்பா அளவுக்குத்தான் இடம். பிள்ளையை அதில் நகலெடுத்துப் போட்டபோது மிச்சம் வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டது எது? முன்னுரிமை. கம்பைலர் மூச்சு விடவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், இருமல் மருந்துக்கு வந்த பையன்களுக்கெல்லாம் பின்னால் உட்கார வேண்டியதாயிற்று. நான் மடிக்கணினியைத் திறந்ததும் பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "எனக்கு வயசு குறைஞ்சிருக்குன்னு சொன்னது உங்க மெஷின் ஒண்ணுதான்மா."

பத்மா அக்காவின் ஷிப்ட்

அதற்கப்புறம் வந்ததுதான் என்னை உலுக்கியது. கிளினிக்கில் அவ்வப்போது யாரோ ஒருவரின் நம்பர் கூப்பிடப்படாமலே போனது. காத்திருந்து பார்த்துவிட்டு, பின்னால் வந்தவர் உள்ளே போனதும் சண்டைக்கு வருவார்கள். டாக்டர் கணக்குப் பார்த்தார். தப்பெல்லாம் காலை ஷிப்டில், பத்மா அக்கா இருக்கும்போதுதான் நடக்கிறது. மாலையில் வரும் பெண்ணிடம் ஒரு புகாரும் இல்லை. ஆகவே அக்கா தெரிந்தவர்களை உள்ளே விடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார். இன்னொரு புகார் வந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அக்கா என்னைத்தான் கூப்பிட்டார். ஒரு காலை முழுக்க கிளினிக்கில் உட்கார்ந்தேன். வெளியே மோனோரயில் போகும் சத்தம், உள்ளே குழந்தைகளின் அழுகை, என் கால் நிற்காமல் ஆடியது. ஒரு நம்பர்கூடத் தவறவில்லை. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ இருக்கும்போது ஒழுங்கா போகுது. நீ போனதும் என்னை மாட்டி விடுது."

சோங் காட்டிய வழி

கிளம்ப எழுந்த நேரத்தில், பள்ளியிலிருந்து பிள்ளையை ஏற்றி வர வேண்டும் என்று ஒருவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா ரத்துப் பொத்தானை அமுக்கினார், அன்றைக்கு அதுதான் முதல் ரத்து. சிறிது நேரத்தில் அவருக்கு அடுத்த நம்பர் காணாமல் போனது. மடிக்கணினியைத் திறந்து ரத்து செய்யும் வரிகளைப் படித்தேன். ரத்து செய்ததும் நிரல் வரிசையை மேலிருந்து கீழே ஒருமுறை நடந்து, போனவரை நீக்கிவிட்டு, மற்றவர்களைப் புது வரிசையில் சேர்க்கும். ஒருவரை நீக்கினால் அடுத்தவர் நகர்ந்து அதே இடத்துக்கு வருவார். சிங்கப்பூர்க்காரரின் நிரல் அதைப் பார்க்காமல் ஒரு அடி முன்னே வைத்துவிடும். நகர்ந்து வந்தவர் புது வரிசையில் ஏறவே மாட்டார்.

மாலைப் பெண் ரத்துப் பொத்தானைத் தொட்டதே இல்லை. ஆள் இல்லாவிட்டால் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டுப் போவாள். போனவர்களை ஒழுங்காக ரத்து செய்தது பத்மா அக்கா மட்டும்தான். ஒழுங்காக வேலை பார்த்ததற்குத்தான் அவருக்கு இந்தப் பெயர்.

சோங்கிடம் சொன்னேன். யாருக்கும் சொல்லாமல் சரிசெய்துவிடு என்றார். அந்த டாக்டர் ஷா ஆலமில் இன்னொரு கிளினிக் திறக்கப் போகிறார், மெஷின் மேல் குறை வந்தால் அந்த ஆர்டர் போய்விடும் என்று அவருக்குப் பயம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சத்தமில்லாமல் சரிசெய்தால் புகார் நின்றுவிடும். டாக்டர் மிரட்டியதும் பத்மா திருந்திவிட்டாள் என்றல்லவா ஆகும்? படியிறங்கும்போது நசீர் அண்ணனிடம் புலம்பினேன். அவர் வேன் சாவியை எடுத்தார். "நான் ஓட்டுறேன். நீ ஓட்டினா பாதி வழியில யோசிச்சுத் திரும்பிடுவ."

நாலு சீட்டு

டாக்டர் முன்னால் நாலு சீட்டு எடுத்தேன். இரண்டாவதை அவரையே ரத்து செய்யச் சொன்னேன். பலகை ஒன்றைக் கூப்பிட்டது, பிறகு நாலைக் கூப்பிட்டது. மூன்று வரவேயில்லை. இன்னொரு தடவை செய்து பார்த்தார், அதே கதை. அப்புறம் வெளியே வந்து, எல்லாரும் கேட்கும்படி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர்தான். திருத்திய நிரலை அங்கேயே ஏற்றினேன். ஷா ஆலம் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. சோங் என்னோடு பேசாமல் இருந்தது தனிக்கதை.

இனி தைரியமாக ரத்து செய்யலாம், ஒருவரும் விடுபட மாட்டார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மெஷினை நீ வந்து பாத்த. என்னை அவர் பாக்கவே இல்லையே. ஏன் பத்மா இப்படி நடக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஒரு வரியைத் திருத்த ஐந்து நிமிடமும், அது நம் தப்பு என்று வாயைத் திறந்து சொல்ல ஒரு வேனும் ஓட்டுநரும் தேவைப்படுகிற தொழில், சகோதர சகோதரிகளே, நம்முடையது.