பேனலில் ஊற்றிய தண்ணீர்

அவள் வந்து சேர்ந்த அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. பெரிய காரணம் ஒன்றுமில்லை. எங்கள் மேடம் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்று வருடமாக அவரிடம் ஆராய்ச்சி செய்கிற எனக்கு ஸ்டூல்தான்.

பெரம்பலூர்க் கல்லூரியில் இருவருக்குமே சோலார் மின்சாரம்தான் ஆராய்ச்சி. ஊருக்கு வேண்டிய மின்சாரத்தை அந்தந்த ஊரிலேயே தயாரிப்பது பற்றி ஒரு பல்கலைக்கழகம் மூன்று மாதப் பயிற்சி நடத்தியது. எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவருக்குத்தான் இடம்.

"யாருன்னு மீட்டரே சொல்லட்டும்" என்றார் மேடம்.

அரியலூர்ப் பக்கம், சிமெண்ட் ஆலைக்கு அருகில் ஒரு மொட்டைமாடி. ஆளுக்கு ஆறு பேனல், ஒரு மாதம். யாருடையது அதிகம் தருகிறதோ அவளுக்குப் பயிற்சி.

அது என் ஊர். எங்கள் பக்கம் மாடியில் எடுத்தவுடன் யாரும் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். காய்ந்த துடைப்பத்தால் தூசியைக் கூட்டி அள்ளிய பிறகுதான் வாளியைத் தொடுவார்கள். ஆலைத் தூசியில் ஈரம் பட்டால் இறுகிக் கல்லாகிவிடும். அவளோ ஜெயங்கொண்டத்து முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவள்.

முதல் வாரமே வாளியோடு மாடியேறினாள். "தண்ணி ஊத்திக் கழுவிட்டா பளிச்சுன்னு ஆயிடும்லக்கா?"

"உன் பேனல், உன் இஷ்டம்" என்றேன். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். சாயங்காலம் அவள் பஸ் ஏறிய பிறகு, பனி இறங்குவதற்கு முன், என் பேனல்களைக் காய்ந்த பிரஷ்ஷால் மெல்லத் தட்டிவிட்டேன். தினமும் அப்படித்தான்.

மூன்றாவது வாரம் அவளுடைய கண்ணாடிகளில் வெள்ளையாகப் பக்குக் கட்டியது. மீட்டர் இறங்கிக்கொண்டே போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ அந்தப் பக்கை நகத்தால் பெயர்த்து, ஒரு கவரில் போட்டு மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். எவ்வளவு ஈரத்துக்கு எவ்வளவு இறுகுகிறது, அதனால் எவ்வளவு மின்சாரம் குறைகிறது என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தாள். மேடம் அதை நின்றபடியே படித்து முடித்தார்.

"இதாம்மா ஆராய்ச்சி" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ இந்த ஊர்க்காரிதானே? மூணு வருஷமா இது எப்படி உன் கண்ணுல படாம போச்சு?"

தெரியும் என்றால் பாவி, தெரியாது என்றால் மக்கு.

அவள்தான் எனக்காகப் பேசினாள். "அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்களா மேடம்?"

மீட்டர் கணக்குப்படி பயிற்சிக்கு நான்தான் போனேன். அவள் குத்திக்காட்டினாளா, வெகுளியாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெகுளியாகத்தான் சொன்னாள் என்றால், அந்த மனசின் மேலும் எனக்குப் பொறாமைதான்.