காலையில் ஒரு நீர் மாத்திரை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். தாராவியில் கிளினிக் வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் குறைந்தபாடில்லை. வீடு மாட்டுங்காவில். இன்றைக்கு யாரையும் திட்டக்கூடாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருவேன். முதல் நோயாளி செருப்பைக் கழற்றுவதற்குள் அது காற்றோடு போய்விடும்.

என் கோபத்தில் பாதி குளுக்கோஸ் பாட்டிலின் மேல்தான். எங்கள் பக்கத்தில் உடம்பு கொஞ்சம் அசந்தால் "பாட்டில் ஏத்துங்க" என்பார்கள். ஏற்ற மாட்டேன் என்றால், இவளெல்லாம் ஒரு டாக்டரா என்று அடுத்த சந்துக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் ஒரு பெண்ணையும் அப்படித்தான் கூட்டிவந்தார்கள். நாற்பத்தெட்டு வயது, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், செம்பூரில் மூன்று வீடுகளில் சமையல் வேலை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் இரண்டும் பானை மாதிரி வீங்கியிருந்தன. முந்தின நாள் வேறெங்கோ ஒரு பாட்டில் ஏற்றியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மூச்சு மோசமானது. கூட வந்த மகள் இன்னொரு பாட்டில் போடச் சொல்லி அழுதாள். "உடம்பு பூரா தண்ணி நிக்கறது, அதை வெளியே எடுக்கணும். இன்னும் உள்ளே விடச் சொல்றியா?" என்று கத்திவிட்டு, கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

இதயம் பலவீனமாகிவிட்டது, ரத்தத்தைச் சரியாகத் தள்ளவில்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. ஒரு வாரம் படுக்கவைத்து மூச்சைச் சரிசெய்து திருப்பி அனுப்பினார்கள். இனி என் பொறுப்பு. இந்த மாதிரி நேரத்தில் கைடுலைன்தான் எனக்குத் துணை. எந்த மருந்து முதலில், எவ்வளவு, எப்போது கூட்டுவது, எந்த ரத்தப் பரிசோதனையை மறக்கக்கூடாது, எல்லாம் அதில் இருக்கும். எனக்குத் தோன்றியதைச் செய்வதைவிட அது எத்தனையோ மேல். "நமக்கு அனுபவம் இருக்கு, புஸ்தகம் எதுக்கு?" என்று கேட்கும் டாக்டர்களை எனக்குத் தெரியும். அந்த அனுபவத்தில்தானே இவள் கையில் பாட்டில் ஏறியது!

அதில் சொன்னபடியே மருந்துகளை ஆரம்பித்தேன். நீரை இறக்கும் மாத்திரை மட்டும் காலையில். ராத்திரி போட்டால் சிறுநீருக்கு எழுந்து எழுந்து தூக்கம் கெடும், அதனால் காலை. மூச்சுத் திணறல் நன்றாகவே இறங்கியது. கால் மட்டும் வற்றவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் வருவாள். அழுத்தினால் விரல் குழி அப்படியே நிற்கும்.

"நீர் மாத்திரை சாப்பிடறியா?"

"சாப்பிடுதேன் டாக்டரம்மா."

மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டு என்கிறது கைடுலைன். கூட்டினேன். அப்போதும் வற்றவில்லை. அடுத்த படி, திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி. அதற்குச் சீட்டு எழுத வேண்டியதுதான் என்று நினைத்திருந்தபோது, ஒரு திங்கட்கிழமை மகள் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். முந்தின நாள் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் மயங்கி விழுந்துவிட்டாளாம். நெற்றியில் கட்டு. ரத்த அழுத்தம் தரைக்குப் போயிருந்தது. காலைப் பார்த்தேன், எலும்பு தெரிந்தது. சனிக்கிழமை யானைக்கால், திங்கட்கிழமை கொக்குக்கால். என்னய்யா இது அதிசயம்!

"என்ன பண்ணினே? உண்மையைச் சொல்லு."

"ஞாயித்துக்கிழமை மூணு வீட்டுக்கும் லீவுலா. வாரம் பூரா விட்டதுல மூணைச் சேர்த்துப் போட்டேன்."

"வாரம் பூரா விட்டியா? தினம் சாப்பிடுதேன்னு சொன்னியே! மனுஷியா நீ?" கிளினிக்கே திரும்பிப் பார்த்தது.

அவள் அசரவில்லை. "ஏன் சத்தம் போடுதிய? அந்த மாத்திரையைப் போட்டா பத்து நிமிசத்துக்கு ஒருக்கா சண்டாஸுக்கு ஓடணும். காலைல ஏழு மணிக்கு நான் அடுப்புக்கு முன்னால நிக்கேன். எங்க போவேன்?"

"அங்கே பாத்ரூம் இல்லையா?"

"இருக்கு, ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு. நான் போகப்பிடாது. ரெண்டு வீட்டுல வேலைக்காரங்களுக்குக் கிடையாதுன்னுட்டாங்க. இன்னொரு வீட்டுல மடி. குளிச்சிட்டு வந்து அடுப்பைத் தொட்டா, சமையல் முடியுற மட்டும் அந்தப் பக்கமே போகப்பிடாது."

மடி எனக்குத் தெரியாததா? எங்கள் ஜனங்கள்தான். என் அம்மாவும் அப்படித்தான் சமைத்தாள், ஆனால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம், திரும்பக் குளிக்கலாம். எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"இதைப் போய் டாக்டர்ட்ட சொல்லுவாங்களாக்கும்" என்றாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். "அந்த மாத்திரை எனக்கு நல்லாவே தெரியும், டாக்டரம்மா. மடி வீட்டு மாமாவுக்கும் இதே சீக்குதான், இதே வெள்ளை மாத்திரைதான். காலைல எட்டு மணிக்கு வெந்நியோட நான்தான் எடுத்துக் கொடுக்கேன். அவருக்கு ரூமுக்குள்ளயே பாத்ரூம். பத்து மணிக்குள்ள நாலு தடவை போயிட்டு வந்து பேப்பர் படிப்பாரு. காலு சும்மா குச்சி மாதிரி இருக்கும்."

கைடுலைன் பொய் சொல்லவில்லை. அந்த மாமாவுக்கு ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் பொருந்தியது. எழுதியவர்கள் மனதில் இருந்த நோயாளிக்கு அறையோடு ஒரு பாத்ரூம் இருந்திருக்க வேண்டும். மாத்திரையை விடுகிறாளா என்று கேள், அதுவும் அதில் இருக்கிறது. விட்டால் அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்க்க அதில் இடமில்லை.

அவள் மருந்துச் சீட்டில் 'காலை' என்று இருந்ததை அடித்துவிட்டு மத்தியானம் மூன்று மணி என்று எழுதினேன். அப்போது அவள் வேலை முடிந்து வீடு திரும்பியிருப்பாள், கழிப்பறை வரிசையும் குறைவாக இருக்கும், இருட்டுவதற்குள் எல்லாம் அடங்கிவிடும். சேர்த்துப் போட்டால் கொன்றுவிடுவேன் என்றும் சொன்னேன். இரண்டே வாரத்தில் கால் முக்கால்வாசி வற்றியது. எனக்கு ஒரே சந்தோஷம், அவளுக்கு என் கையால் டீ போட்டுக் கொடுத்தேன்.

மிச்சம் கால்வாசி இறங்கவில்லை. மழைக்காலத்தில் மறுபடி மூச்சு வாங்க ஆரம்பித்தது. மத்தியான அளவைக் கூட்டினால் தலை சுற்றியது. பிரித்துத்தான் கொடுக்க வேண்டும், காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. காலை மாத்திரை இல்லாவிட்டால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான் என்று அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

"அந்த மடி வீட்டு நம்பரைக் கொடு. நான் பேசறேன்."

"நீங்க பேசினா சண்டையாயிடும். அந்த வீட்டு வேலை போயிரும். மாமா தங்கமான மனுசர், நானே அவர்ட்ட சொல்லுதேன்."

அடுத்த சனிக்கிழமை வந்தாள். வீக்கம் முழங்கால் வரைக்கும் ஏறியிருந்தது.

"சொன்னியா?"

"சொன்னேன். எனக்கும் உங்க சீக்குதான், இதே மாத்திரைதான்னேன். பாவம், அவருக்குக் கண்ணு கலங்கிட்டு." முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் ஒரு முழு அட்டை மாத்திரையை வைத்தாள். "அவரு டப்பாவிலேர்ந்து எடுத்துக் கொடுத்தாரு. இனிமே நீ கடையில வாங்காதே, தீரத் தீர நான் தாரேன்னாரு."

"சரி. பாத்ரூம்?"

"அதையும் கேட்டேன்." சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். "அதை மட்டும் கேக்காதேம்மான்னுட்டாரு."