இரண்டு வெண்கலப் பம்புகள்

என் அண்ணனைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். ஐம்பத்தெட்டு வயது ஆகிறது, இன்னும் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். "மழை வராது"ன்னு எவனோ சொன்னான் என்று குடை எடுக்காமல் போய்ச் சொட்டச் சொட்ட நனைந்து வருவார். "நல்ல மனுஷன்மா உங்கண்ணன்" என்பார்கள். நல்ல மனுஷனாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆளேற்றும் மரப்படகு அவருடையது. அப்பா வாங்கும்போதே அது பழசு. அண்ணன் ஓட்டுவார், நான் டிக்கெட் கிழிப்பேன். இந்தத் துறையில் ஓட உரிமம் உள்ள படகுகள் இரண்டுதான். ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் கட்டையண்ணன் முறை. ஆள் குள்ளம் என்பதால் அந்தப் பெயர். அண்ணனுக்கு அவர் முப்பது வருடக் கூட்டாளி. எனக்கும் அவர் அண்ணன்தான், அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரண்டு படகிலும் ஒரே கம்பெனி எஞ்சின். அந்தக் கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். சாமான் வேண்டுமென்றால் பழைய இரும்புக் கடைகளில்தான் துழாவ வேண்டும். அதனால் இருவருக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் கண்ணில் எந்தச் சாமான் பட்டாலும் இரண்டாக வாங்க வேண்டும், ஆளுக்கு ஒன்று. கடைகளையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைத்தெருவின் வடக்குப் பக்கம் கட்டையண்ணனுக்கு, தெற்குப் பக்கம் எங்களுக்கு. ஒருவர் கேட்ட கடையில் மற்றவர் போய்க் கேட்பதில்லை. கேட்டால் அவர் வாக்கைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம். என்ன பெரிய மானஸ்தர்கள்!

போன வருடம் எங்கள் பம்ப் வெடிப்பு விட்டது. ஆற்றுத் தண்ணீரை இழுத்து எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு வெளியே துப்புகிற வெண்கலப் பம்ப் அது. அது இல்லையென்றால் எஞ்சின் கொதித்துவிடும். உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம் எங்கும் கிடைக்கும், வெண்கலக் கூடுதான் கிடைக்காது. பற்றவைத்துப் பார்த்தோம். பத்தே நாளில் பக்கத்தில் இன்னொரு கோடு விட்டது.

அந்த வாரமே உரிம அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் அதிகாரியின் முன்னால் எஞ்சின் ஒரு மணி நேரம் சூடேறாமல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் உரிமம் ரத்து, எங்கள் முறை நாட்களும் அடுத்த படகுக்குப் போய்விடும். அடுத்த படகு யாருடையது என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அது மண்டையில் உறைக்கவே இல்லை.

"கவலைப்படாத மாப்ள, நான் இருக்கேன்ல? வடக்குப் பக்கம் நாளைக்கே கேட்டுடறேன்" என்றார் கட்டையண்ணன். மறுநாள் சாயங்காலம் வந்து உதட்டைப் பிதுக்கினார். "ஒருத்தன்கிட்டயும் இல்ல மாப்ள. வா, வெளியூர்ல பாப்போம்."

அன்று தொடங்கிய அலைச்சல். அண்ணன் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் கட்டையண்ணன், நடுவில் சாக்கில் சுற்றிய உடைந்த பம்ப். படகு உடைக்கிற இடம், தீயணைப்பு இயந்திரம் பழுது பார்ப்பவர், விவசாய மோட்டார் கடை, செத்துப்போன மெக்கானிக்கின் வீட்டுப் பரண் என்று ஓரிடம் விடவில்லை. அண்ணன் வண்டியை ஓரம் கட்டுவதற்குள் கட்டையண்ணன் குதித்திறங்கி முதல் ஆளாகக் கேட்டுவிடுவார். பல இடங்களில் அண்ணன் படியேறும்போதே அவர் "இல்லையாம்" என்று திரும்பி வந்துகொண்டிருப்பார். இந்த வயதில் இவ்வளவு அக்கறையா என்று நான் உருகிப்போனேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

கடைசியில் லேத்துப் பட்டறைக்காரர் விவசாயப் பம்ப் ஒன்றைக் கடைந்து ஒருமாதிரி பொருத்திக் கொடுத்தார். "அரைமணி தாங்கும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றார்.

சோதனையன்று நாற்பத்து மூன்றாவது நிமிடம் ஆவி கிளம்பியது. பக்கவாட்டுக் குழாயில் தண்ணீர் நூலாகி நின்றுபோனது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதினார். அண்ணன் எஞ்சின் மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சுடுகிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கட்டையண்ணன்தான் அவர் கையை எடுத்துவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்தார். "விடு மாப்ள, நம்ம கையில என்ன இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு துறையில் தினமும் ஒரே படகுதான் ஓடியது. அண்ணன் காலையில் வழக்கம்போல எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு போய்க் கட்டிக்கிடக்கும் படகில் உட்கார்ந்துவிட்டு வருவார். 

ஒன்பதாம் நாள் வடக்குப் பக்க இரும்புக் கடைக்காரர் அக்கரை போக வந்தார். தார்ப்பாய் மூடிய எங்கள் படகைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னங்க, பம்ப் பொருந்தலையா?"

"எந்தப் பம்ப்?" என்றார் அண்ணன்.

"அதாங்க, என்கிட்ட ரெண்டு இருந்துச்சே, வெண்கலம். மூணு மாசம் முன்னாடி உங்க கூட்டாளி வந்து ரெண்டையும் எடுத்துட்டுப் போனாரு. நீங்கதான் எப்பவும் ஜோடியா வாங்குவீங்களே. ஒண்ணு உங்களுக்குன்னுதான் நெனச்சேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அப்போதும் அந்த மனுஷன், "வேற ஏதாவது பம்பா இருக்கும்" என்றார். கடவுளே!

நான் சும்மா இருப்பேனா? கட்டையண்ணன் படகு கரை சேர்ந்து ஆட்கள் இறங்கியதும், விறுவிறுவென்று ஏறி எஞ்சின் மூடியைத் தூக்கினேன். புதிதாய்ப் பளபளத்தது ஒன்று. இருக்கைக்கு அடியில் சாமான் பெட்டியைத் திறந்தேன். எண்ணெய்த் துணியில் சுற்றி, கை படாமல் இன்னொன்று.

"பாவி! என் கையால எத்தன வேளை சாப்பிட்டிருப்ப?" என்று கத்தினேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"இல்ல தங்கச்சி... பசங்க வளந்துட்டாங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டி என்னத்த..." என்று இழுத்தார் கட்டையண்ணன்.

அண்ணன் என்னைக் கையமர்த்தினார். பம்பை அவர் தொடவில்லை. கட்டையண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பம்பு கெடக்கட்டும்டா. ஒண்ணு மட்டும் சொல்லு. மூணு மாசம் வெயில்லயும் மழையிலயும் என் வண்டியில பின்னாடி உக்காந்து வந்தியே. பெட்டியிலதான் இருந்துச்சே. அப்புறம் எதுக்குடா கூட வந்த?"

கட்டையண்ணன் படகுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வேற எங்கயாவது உனக்குக் கிடைச்சிடுமோன்னுதான் மாப்ள."