சம்பந்தி விற்ற வைக்கோல் மெஷின்

சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி ஒரு மண்வெட்டி வாங்கினாலும் கடைக்காரனைப் பாடாய்ப் படுத்திவிடுவார். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே அவருக்குக் கொஞ்சம் வயல், ஒரு டிராக்டர். டிராக்டரை ஓட்டுவது நான். அப்பேர்ப்பட்ட மனிதர் பழைய வைக்கோல் கட்டும் மெஷின் ஒன்றைக் குனிந்துகூடப் பார்க்காமல் வாங்கினார். விற்றவர் சம்பந்தி.

இப்போது அறுப்பு மெஷின் போன பிறகு வைக்கோல் வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அதை அள்ளி, உருட்டி, நூல் சுற்றி வெளியே தள்ளும் மெஷின் இது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். எங்கள் ஊரில் யாரிடமும் கிடையாது. மாசி, பங்குனியில் வரும் பிசான அறுப்பு முழுக்க வேலை இருக்கும் என்று அண்ணாச்சி ஆசைப்பட்டார்.

மகள் உமாராணியைக் கட்டிக்கொடுத்த வீடு முத்தையாபுரத்தில், உப்பளத்தை ஒட்டி. அங்கே கொட்டகையில் மெஷின் பச்சைப் பெயிண்டில் பளபளத்தது. அடியில் படுத்துப் பார்க்கப் போன என்னை அண்ணாச்சி சட்டையைப் பிடித்து இழுத்தார். பெண் கொடுத்த வீட்டில், இலை போட்டுச் சாப்பிட்ட கையோடு, அவர்கள் பொருளைச் சந்தேகப்படக் கூடாதாம். மரியாதையாம். அந்த மரியாதையில் நெருப்பை வைக்க.

மெஷின் முதலில் இறங்கியது எங்கள் ஊர் ஜீவமணி அக்கா வயலில். அவளுக்கு நாலு மாடு, வருசத் தீவனமே அந்த வைக்கோல்தான். பாதி வயல் தாண்டவில்லை, உள்ளே உருளை முறிந்தது. பெயிண்டுக்கு அடியில் எல்லாம் துரு. உப்புக்காற்று தின்று தீர்த்திருந்தது, விரலால் குத்தினால் தகடு உதிர்ந்தது. அன்று சாயங்காலமே மழை. மிச்ச வைக்கோல் கறுத்துப் போனது. அக்கா என்னைத்தான் பிடித்தாள்.

"ஓட்டுத பயலுக்குக் கண்ணு பிடரியிலயா இருக்கு?"

அண்ணாச்சி சோறு இறங்காமல் கிடந்தார். சண்டை போட்டால் மகள் அந்த வீட்டில் எப்படி இருப்பாள்? போடாவிட்டால் மெஷின் பழைய இரும்புக்குத்தான். கடைசியில் கிளம்பினார். நானும் போனேன்.

சம்பந்தி அசரவில்லை. "பழசுன்னு சொல்லித்தானவே குடுத்தேன். உம்ம டிரைவருக்கு ஓட்டத் தெரியல."

காபி கொண்டுவந்த உமாராணி தட்டைக் கீழே வைத்தாள்.

"மாமா, துருவைச் சுரண்டாம பெயிண்ட் அடிக்கீயளேன்னு நான் கேக்கலையா? பொண்ணைக் குடுத்தவரு வாயைத் தொறக்க மாட்டாருன்னு நீங்கதான சொன்னீய?"

அண்ணாச்சி மகள் பக்கம் திரும்பினார். "ஏளா, தெரிஞ்சுமா எங்கிட்டச் சொல்லல?"

"பயந்துட்டேன்பா. இப்பம் ஒரு பாவமும் அறியாத டிரைவர் அண்ணன் மேல பழியப் போடுதாவ. கேட்டுட்டு நிக்க முடியல."

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். அந்த வெட்கத்துக்குத்தான் சம்பந்தி தன் செலவில் புது உருளையும் தகடும் மாட்டிக் கொடுத்தார், நல்ல மனசு ஒன்றும் கிடையாது. மெஷின் ஓடுகிறது. அண்ணாச்சி வயல் வைக்கோலில் முதல் கட்டுகள் ஜீவமணி அக்கா மாடுகளுக்குப் போயின.

ஆனால் அந்த வீட்டில் உமாராணியிடம் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புருசன்காரன் உட்பட. அண்ணாச்சி போன் போட்டு, புறப்பட்டு வந்துவிடு என்றார்.

"நான் எதுக்குப்பா வரணும்? துருவை மறைச்சது நானா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே போய்விட்டார். இப்போது வாராவாரம் போகிறார். சம்பந்திக்கு எதிர்நாற்காலியில் உட்கார்ந்து, மகளிடம் ஊர்க்கதை பேசி, கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். சம்பந்தியோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் எழுந்திருக்கிறார்.